ஃபெர்னான் ப்ருதான் ஊர்களை எடைபோட்ட கதை

சைகோன் தபால் நிலையத்தில் என் மேசைக்கு அடுத்த மேசை ஃபெர்னான் ப்ருதானுடையது. பதினொரு வருடம் அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்காக அரசாங்கம் எனக்கு ஒரு பதக்கம் தந்திருக்கலாம். தரவில்லை. எழுதியாவது ஆற்றிக்கொள்கிறேன்.

வெளியூர்களிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வந்து இறங்கும் கடிதங்களை எடைபோடுவது அவர் வேலை. ஒட்டியிருக்கும் தபால்தலை எடைக்குப் போதுமா என்று பார்ப்பார். போதாவிட்டால், பெறுபவரிடம் மீதியை வாங்கச் சொல்லி ஒரு முத்திரை குத்துவார். மேசைமேல் ஒரு சின்னப் பித்தளைத் தராசு, முத்திரை, மைப்பெட்டி. கைக்கு வேலை உண்டு, மூளைக்குக் கிடையாது. மூளை எத்தனை நாள் சும்மா இருக்கும்? அது ஊர் தேடக் கிளம்பிவிட்டது.

ப்ருதான் புதுச்சேரிக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சு அரசாங்கத்திடம் போய், எங்கள் வழக்கம், வாரிசு முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டோம், இனி உங்கள் சட்டமே எங்கள் சட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புதுப் பெயரோடு வீடு திரும்பியவர். என் தாத்தாவும் காரைக்காலில் அதே காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டார். அதனால்தான் நான் அகுஸ்தேன். அந்தக் காகிதத்தின்படி நாங்கள் இருவரும் வெள்ளைக்காரருக்குச் சமம். இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ப்ருதானுக்கு இருந்தது. வெயிலிலும் கழுத்துப்பட்டியைத் தளர்த்த மாட்டார்.

அவரும் மனைவி ஜெர்மேனும் சைகோனுக்கு வந்து இறங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில். பென்-தான் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், வள்ளியப்ப செட்டியாருடைய வீட்டில் வாடகைக்குக் குடிபோனார்கள். வந்த வாரமே ப்ருதான் மனைவியிடம் சொல்லிவிட்டாராம்: "இது இடைத்தங்கல். நல்ல ஊரா ஒண்ணு பாத்து முடிவு பண்ணிட்டு அங்க போயிடுவோம்."

அந்த இடைத்தங்கல் பதினான்கு வருடம் நீடித்தது.

அந்த வீட்டுக்குள் முதல் தடவை போனபோது, இவர்கள் இன்றைக்குத்தான் வந்து இறங்கினார்களோ என்று நினைத்தேன். கூடத்தில் ஏழு டிரங்குப் பெட்டிகள், கயிறு கட்டியபடி. உட்கார நாற்காலி இரண்டே இரண்டு. மூன்றாவது ஆளுக்குப் பெட்டிதான். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் வைக்கோலுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நல்ல சட்டை வேண்டுமென்றால், நான்காவது பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, சட்டையை எடுத்து, மறுபடி கட்ட வேண்டும். சுவரில் ஒரு ஆணி கிடையாது. ஆணி அடித்தால் நாம் தங்கிவிட்டோம் என்று ஆகிவிடுமாம். அதனால் ஜெர்மேன் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சிலுவை, முதல் பெட்டியின் மேல் சுவரில் சாய்ந்தே நின்றது. ஆண்டவர் பதினான்கு வருடம் அப்படிச் சாய்ந்திருந்தார். அவருக்கு இதைவிட மோசமான அனுபவம் உண்டு என்பதால் பொறுத்துக்கொண்டார்.

ஜெர்மேன் காரைக்கால் கன்னியர் மடத்தில் படித்தவர். தமிழும் பிரெஞ்சும் முத்து முத்தாக எழுதுவார். அதிகம் பேச மாட்டார். அந்த ஏழு பெட்டிகளையும் வாரா வாரம் நகர்த்தி அடியில் பெருக்குவார். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது: ஒரு வீட்டில் குடியிருப்பது. எந்த ஊர் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

ப்ருதானின் முறைக்கு வருகிறேன். ஓய்வு பெறும்போது அரசாங்கம் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு ஊருக்குக் கப்பல் சீட்டு தரும். ஊர் தவறிவிட்டால் தவறியதுதான். ஆகவே அவர் பதினேழு கேள்விகள் எழுதி, தெரிந்தவர்கள் இருந்த ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார். கிணற்று நீர் உப்பா? கடல் காற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குள் வரும்? மீன் விற்பவள் வாசலுக்கு வருவாளா, நாம் போக வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் பாடுவாரா? பாடினால் எந்த நேரத்தில்? புதுச்சேரி, காரைக்கால், மார்செய், ரெயூனியோன் தீவு, இந்த நாட்டுக்குள்ளேயே தலாத் மலை, கப் சேன்-ழாக் கடற்கரை என்று பல ஊர்களுக்குக் கேள்விகள் போயின.

பதில்களும் வந்தன. எல்லா ஊரும் சொர்க்கம்தான். தான் இருக்கும் ஊரைக் குறை சொன்னால் தான் முட்டாள் என்று ஆகிவிடுமே! மார்செயிலிருந்து ஒருவர், குளிர் உடம்புக்கு நல்லது என்று எழுதியிருந்தார். எழுத்து நடுங்கியிருந்தது.

"மனுசன் பொய் சொல்லுவான் அகுஸ்தேன், எடை சொல்லாது" என்றார் ப்ருதான் ஒருநாள். அன்றைக்குத்தான் அவருடைய கண்டுபிடிப்பு எனக்குத் தெரியவந்தது.

கண்டுபிடிப்பு இதுதான். மனக்குறை உள்ளவன் பக்கம் பக்கமாக எழுதுவான். மாமியார் கொடுமை, மழை, மூட்டுவலி, கூரை ஒழுகல் எல்லாம் அதில் இருக்கும். சுகமாக இருப்பவன் இரண்டு வரியில் முடித்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுவான். ஆகவே, எந்த ஊரிலிருந்து வரும் கடிதங்கள் லேசாக இருக்கின்றனவோ அதுதான் நல்ல ஊர். அவர் மேசைக்குத்தான் உலகத்துக் கடிதமெல்லாம் வருகிறதே! ஒவ்வொரு உறையையும் எடைபோட்டு, ஊர் முத்திரையைப் பார்த்து, நீல அட்டை நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியில் ஒன்பது வருடத்து எடை அதில் சேர்ந்தது.

தெற்கே கடலில் ஒரு சிறைத் தீவு இருக்கிறது. அங்கேயிருந்து வந்த கடிதங்கள்தான் எல்லாவற்றிலும் லேசு. கைதிக்குக் கிடைப்பது ஒரு துண்டுத் தாள். அவருடைய முறைப்படி உலகத்திலேயே அதைவிட ஆனந்தமான இடம் கிடையாது. நான் இதைச் சொல்லிக் காட்டியபோது, "அது விதிவிலக்கு" என்று நோட்டில் ஒரு கோடு போட்டார். முறையில் கோடு விழவில்லை.

அடுத்து லேசாக இருந்தது தலாத். சராசரி ஏழு கிராம். உடனே கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, மலையைப் பார்த்துவர ரயிலேறினார். மூன்று நாளில் திரும்பினார். "காத்து பரவாயில்ல. விடுதியில மெத்தை ஈரம்" என்றார். நோட்டில் தலாத் அடிக்கப்பட்டது. ஈர மெத்தைக்காக ஒரு மலையையே தள்ளிவிட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

உண்மை எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பிரிவுபசார விருந்தில் இரண்டு கோப்பை ஒயின் உள்ளே போனபிறகு அவரே சொன்னார். தலாத்தில் அந்த விடுதியின் வெள்ளைக்காரி இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் துரை எத்தனை மணிக்கு வருகிறார்?" என்று கேட்டிருக்கிறாள். தனக்குத்தான் அறை என்று இவர் தாத்தாவின் காகிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவள் நல்ல மாதிரியாகவே சிரித்து, சமையலறைக்குப் பின்னால், விருந்தினர்களின் வேலைக்காரர்கள் படுக்கும் அறையைக் காட்டியிருக்கிறாள். மெத்தை அங்கேதான் ஈரமாக இருந்தது. மூன்று இரவு அதில் படுத்திருக்கிறார், கழுத்துப்பட்டியோடு. அலுவலகம் முழுக்கச் சிரித்ததற்காக எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முப்பத்து நாலாம் வருடம் வள்ளியப்ப செட்டியார் ஒரேயடியாக ஊருக்குப் போவது என்று தீர்மானித்தார். அவருக்கு ஊர் குறித்து எந்தக் குழப்பமும் எப்போதும் இருந்ததில்லை. உடம்பு சைகோனில் இருக்கும், மீதியெல்லாம் செட்டிநாட்டில். முப்பது வருடத்தில் சைகோன் ஆறு என்ன நிறம் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார். போகும் முன் சொத்துகளை விற்றுக்கொண்டிருந்தார். பதினான்கு வருடமாக நல்ல மாதிரியாகக் குடியிருப்பவர்கள் என்று, அந்த வீட்டை முதலில் ப்ருதானுக்குத்தான் சொன்னார். நியாயமான விலை. இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவருக்குக் கப்பல். அதற்குள் சொல்லாவிட்டால் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவருக்குப் போய்விடும். அவர் வீட்டை இடித்துவிட்டுச் சரக்குக் கிட்டங்கி கட்டப் போகிறார்.

ப்ருதான் யோசிப்பதாகச் சொன்னார். இரண்டு மாதமும் யோசித்தார்.

ஜெர்மேன் யோசிக்கவில்லை. காரைக்காலில் அப்பா வீட்டுப் பங்காக வந்த தொகை அவரிடம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல், பட்டப்பகலில் குடையைப் பிடித்துக்கொண்டு செட்டியாரிடம் போய், வீட்டைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். செட்டியாருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பத்திரம் எழுதுகிற நொத்தேர் தலையை ஆட்டிவிட்டார். பிரெஞ்சுச் சட்டப்படி, புருஷன் கையெழுத்தில்லாமல் மனைவி ஒரு கோழிக்கூண்டுகூட வாங்க முடியாதாம்.

கப்பலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் ப்ருதான் வீட்டில் கூடினோம். செட்டியார் சம்மதப் பத்திரத்தோடு வந்திருந்தார். நான் சாட்சி. நாற்காலிகளில் செட்டியாரும் ப்ருதானும். நான் ஐந்தாவது பெட்டியில். ஜெர்மேன் சமையலறை வாசலில் நின்றார்.

"ஒரு கையெழுத்துத்தான் முசே" என்றார் செட்டியார். "எங்க வீட்டுக்காரி வெள்ளையம்மை ஆச்சி பேருல ஊருல ரெண்டு வீடு இருக்கு. வாங்கினப்ப அவுக எங்கிட்ட கையெழுத்தா கேட்டாக? சேதி சொன்னாக, அம்புட்டுத்தான். நாங்க பழைய ஆளுக. நீங்க வெள்ளக்காரராயிட்டீக. அதுனாலதான் மதாமுக்கு ஒங்க கையெழுத்து வேண்டியிருக்குங்கிறேன்."

ப்ருதான் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"இந்த ஊரப் பத்தி நான் இன்னும் முறையா விசாரிக்கல செட்டியாரே" என்றார்.

"பதினாலு வருசம் குடியிருந்த ஊரயா?"

"குடியிருக்கிறது வேற, விசாரிக்கிறது வேற."

"ஊரு என்ன பொண்ணா முசே, சாதகம் பாக்க?" செட்டியார் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வியாழக்கெழம கப்பலு."

நான் வாயைச் சும்மா வைத்திருக்கலாம். பெட்டி முதுகைக் குத்திக்கொண்டிருந்ததால் எரிச்சல். "ஏன் முசே, உலகத்து ஊரையெல்லாம் எடைபோட்டீங்களே, சைகோனை எடைபோட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ப்ருதான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் எடைபோட்டது எல்லாம் வெளியிலிருந்து வந்த கடிதங்கள். சைகோனிலிருந்து போகும் கடிதங்கள் வேறு மேசைக்குப் போய்விடும். ஒன்பது வருடத்தில் அவர் கையில் சைகோன் கடிதம் ஒன்றுகூடத் தராசேறவில்லை. எழுந்து போய் ஆறாவது பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு தராசு வந்தது. வீட்டிலும் ஒன்று வைத்திருந்திருக்கிறார்!

"ஜெர்மேன், வியாழக்கிழமைக் கப்பலுக்கு உன் தங்கச்சிக்குக் கடுதாசி எழுதி வச்சியே, அதக் கொண்டா."

ஜெர்மேன் உள்ளே போய் ஒட்டிய உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். காரைக்காலில் இருக்கும் தங்கை அந்துவானேத்துக்கு மாதம் ஒரு கடிதம் போகும். ப்ருதான் அதைத் தட்டில் வைத்தார். எடைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசியில் தட்டில் மிஞ்சியது மிகச் சின்னக் கல்.

"அஞ்சு கிராம்!" அவர் குரல் உடைந்துவிட்டது. "அகுஸ்தேன், அஞ்சு! தலாத்தே ஏழு!" பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீ சொல்லவேயில்லையே. இவ்வளவு சந்தோசமாவா இருக்கே இங்க?"

ஜெர்மேன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அது கோபம் மாதிரி இல்லை.

"பிரிச்சுப் படிங்க."

"ஒட்டியிருக்கே."

"பரவால்ல, படிங்க."

அவர் உறையைக் கிழித்து ஒற்றைத் தாளை எடுத்தார். வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார், பழக்கதோஷம். "அன்புள்ள தங்கை அந்துவானேத்துக்கு. இருவரும் சுகம். இன்னும் போகவில்லை. ஜெர்மேன்."

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இவ்வளவுதானா?"

"மொதல்ல எல்லாம் நாலு தாள், அஞ்சு தாள் எழுதினேன்" என்றார் ஜெர்மேன். "இந்த ஊருக்குப் போறோம், அந்த ஊருக்குப் போறோம், அங்க போனதும் அப்படி வைப்பேன், இப்படி வைப்பேன்னு. ரெண்டு வருசம் எழுதியிருப்பேன். அப்புறம் எழுத என்னங்க இருக்கு? கட்டி வச்ச பெட்டியப் பத்தி எத்தன தடவ எழுதுறது? பன்னண்டு வருசமா இதே மூணு வரிதான். அவளும் பதில்ல ஒண்ணும் கேக்குறதில்ல."

சந்தைப் பக்கம் வண்டிக்காரன் ஒருவன் யாரையோ திட்டிக்கொண்டு போனான். செட்டியார் வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பைப் பார்த்தார். இத்தனை வருடம் இந்த வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, பெட்டிகளைப் பற்றிக் கேலி பேசிவிட்டுப் போயிருக்கிறேன். அவற்றைச் சுற்றிப் பெருக்கிய மனுஷியை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ப்ருதான் தாளை மறுபடி மடித்தார். மடித்ததைத் தட்டில் வைத்தார், எடுத்தார். தராசு ஆடி நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்து நோட்டு முழுவதும் அவருக்கு அந்த நிமிடத்தில் வேறு விதமாகத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை ஊர்களில் எத்தனை பேர் எழுத ஒன்றுமில்லாமல் மூன்று வரியோடு நிறுத்தியிருப்பார்கள் என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் யோசிக்காமலா இருந்திருப்பார்?

"எங்க போடணும் செட்டியாரே?" என்றார்.

செட்டியார் விரலை வைத்துக் காட்டினார். ப்ருதான் தன் முழுப் பெயரையும் எழுதினார், தாத்தா வாங்கிய பெயரோடு. அதன் கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பதினேழு கேள்விகளில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. "கப்பலு தப்பாது" என்று செட்டியார் பத்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "கொல்லையில கெணத்துத் தண்ணி லேசா உப்புக் கரிக்கும் மதாம். சொல்லிப்புட்டேன்" என்றார்.

"தெரியுங்க. பதினாலு வருசமாக் குடிக்கிறேன்" என்றார் ஜெர்மேன்.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "முசே அகுஸ்தேன், ஒங்க வீட்டுல சுத்தியல் இருக்குமா?" என்று கேட்டார். இருந்தது. போய் எடுத்துவந்தேன். ஆணி அவரிடமே இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்தார். எத்தனை நாளாக அதை முடிந்து வைத்திருந்தாரோ! ப்ருதான்தான் பெட்டிமேல் ஏறி அடித்தார். மூன்று அடி விரலில், நாலாவது ஆணியில். சிலுவை கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. முன்பும் சாய்ந்துதானே இருந்தது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதற்கப்புறம் ப்ருதான் திருந்தி வேறு மனிதராகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தச் சுவரில் அலமாரி வைப்பது என்று தீர்மானிக்கப் பதினொரு கேள்விகள் எழுதினார். அவற்றில் நான்கு காற்றைப் பற்றியவை. ஜெர்மேன் அவர் அலுவலகத்தில் இருந்தபோது இரண்டு கூலியாட்களைப் பிடித்து அலமாரியை வைத்துவிட்டார்.

அடுத்த மாதக் கப்பலுக்கு முந்தின நாள். ப்ருதான் ஒரு உறையைக் கொண்டுவந்து தன் மேசையில் வைத்தார். காரைக்கால் விலாசம், ஜெர்மேன் எழுத்து. உறை தலையணை மாதிரி உப்பியிருந்தது. அவர் அதைத் தராசில் வைத்ததும் தட்டு டங்கென்று கீழே இடித்தது. கல்மேல் கல்லாகப் போட்டார்.

"நாப்பத்தோரு கிராம்" என்றார். முகம் வெளுத்திருந்தது. "அகுஸ்தேன், அவளுக்கு அந்த வீடு பிடிக்கல போலிருக்கு. இவ்வளவு குறையா?"

"என்ன முசே, நேத்து உங்க வீட்டுக்கு வந்தேனே. பீங்கான் தட்டுல சோறு போட்டாங்க. பாடிக்கிட்டே போட்டாங்க."

"பாடினாளா?"

"நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

அவர் உறையைக் கையில் எடுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். "அப்ப நாப்பத்தோரு கிராமுக்கு என்னதான் எழுதியிருப்பா?"

"ஆணி அடிச்சத எழுதியிருப்பாங்க."

"அதுக்கு இத்தன தாளா?"

அவர் பழக்கத்தில் நீல நோட்டைத் திறந்து, பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். பிறகு நோட்டை மூடி இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, எனக்குத் தெரியக்கூடாதென்று திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தபால்தலைகளை ஒவ்வொன்றாக நாக்கில் நனைத்து ஒட்ட ஆரம்பித்தார். இடம் போதாமல் உறையின் பின்பக்கமும் ஒட்டினார்.